மூன்றாவது வரிசைக்குத் தெறித்த தண்ணீர்

ஜனவரி 12

அன்புள்ள குருவிக்கு,

அப்பா எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், போன திங்கட்கிழமை நான் தண்ணீரில் மூழ்கினேன். எவ்வளவு ஆழம் என்று கேட்காதே. கேட்கத்தான் போகிறாய். இடுப்பளவு.

இந்த விளையாட்டு வளாகத்துக் குளத்துக்கு இத்தனை வருஷமாக மருந்து போட்டு, பம்ப் ஓட்டி, இலை அள்ளி வருகிற உன் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது ஸ்கேட்டிங் பழகும் பொடிசுகளுக்குக்கூடத் தெரியும். பணியாளர்களுக்கு நீச்சல் வகுப்பு என்று ஆபீசில் அறிவிப்பு ஒட்டினார்கள், சேர்ந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். கையை விடச் சொன்னார்கள், விட்டேன். அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் லைஃப்கார்டு தம்பியின் சத்தம்தான்: "அண்ணே, எழுந்து நில்லுங்க! எழுந்து நின்னாலே போதும்ணே!" நிற்கலாம் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் இலை அள்ளுகிற வலைக் கம்பை நீட்டி என்னையும் இலையோடு இலையாக அள்ளினான்.

மறுநாள் வாசலில் டிக்கெட் கவுண்டர் மேடம் (புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று எழுதியிருந்தேனே, அவர்தான்) கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்கில், "குளத்தாரே, இனிமே உங்களுக்குக் குழந்தைங்க டிக்கெட்தானா?" என்றார். ஷட்டில் ஆட நின்ற வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அம்மா இருந்திருந்தால் ஒரு மாசம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

மாப்பிள்ளை சுகமா? உனக்கு அந்த இடது தோள் குளிரில் வலிக்கிறதா? எழுது.

மூழ்கி மீண்ட,
அப்பா

ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். தோளும் சுகம். உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்தேன். சிரித்த சிரிப்பில் கணக்கு டீச்சர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். "தண்ணி வேணாம், எங்கப்பா நிறையக் குடிச்சிட்டார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

போனில் பேசியிருந்தால் இதைச் சொல்லியிருப்பீர்களா? "சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரி வை" என்று முடித்திருப்போம். ஹாஸ்டல் காலத்திலிருந்து நமக்குக் கடிதம்தான் ராசி.

இங்கே என் பள்ளிக்கூடத்தில் குளம் கிடையாது. பிள்ளைகளுக்கு மண் மைதானத்தில் ஓடவும் தாண்டவும் சொல்லித் தருகிறேன். சில சமயம் தரை துடைக்கிற மருந்து வாசனை வந்தால் போதும், நம் குளத்தங்கரைக்கே போய்விடுகிறேன். பயிற்சி முடிந்து ஹைஜம்ப் மெத்தையில் நான் தூங்கிப்போவதும், நீங்கள் பம்ப் ரூமைப் பூட்டிவிட்டு வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுதடத்தைச் சுற்றி நடப்பதும். தூங்குகிற மாதிரி நடித்தேன் என்று இப்போது சொன்னால் கோபிக்க மாட்டீர்கள்தானே?

ஒன்று கேட்கிறேன். நான் பத்து மீட்டர் மேடையிலிருந்து குதித்த காலத்திலெல்லாம் கரையில் ஹோஸ்பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அப்போது கற்றுக்கொள்ளாத நீச்சல் இப்போது எதற்கு?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
குருவி

பிப்ரவரி 8

அன்புள்ள குருவிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டியது, இரண்டு கிலோ கூடிவிட்டேன் என்று எழுதுகிறேன். வேளைக்குத்தான் சாப்பிடுகிறேன். பம்ப் ரூமில் பிஸ்கட்டைத் தொட்டுக்கொண்டு டீ குடிப்பதெல்லாம் இப்போது இல்லை.

நீ தூங்குகிற மாதிரி நடித்தது எனக்கு அப்போதே தெரியும். தூங்குகிற பிள்ளை கனக்கும். நீ என் சட்டைக் காலரைப் பிடித்திருப்பாய்.

நம் பழைய வழி, ஓடுதடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன கேட், அதைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். இனி எல்லோரும் பெரிய வாசல் வழியாகத்தான் வர வேண்டும். ஓடுதடமும் அந்தக் கரிமண் இல்லை, சிவப்பு ரப்பர். அம்மா உன் ஷூவைத் தட்டினால் ஒரு செடி வைக்கிற அளவு மண் கொட்டுமே, அதெல்லாம் போச்சு.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ மேடையில் ஏறினால் அம்மா மூன்றாவது வரிசையில் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நீ தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியதும் நான் ஹோஸைத் தூக்கி கேலரிப் பக்கம் ஒரு வீச்சு வீசுவேன். முகத்தில் நாலு துளி விழுந்தால்தான் கண்ணைத் திறப்பாள். திறந்ததும், "நனைச்சிட்டீங்களே, மனுஷரா நீங்க?" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் எல்லாம் சரி என்று எனக்கு அர்த்தம். நீ தேசியப் போட்டிக்குப் போன வருஷம் வரைக்கும் இப்படித்தான். நான் ஏதோ கோமாளித்தனம் பண்ணுவதாக நீ நினைத்திருப்பாய்.

நேற்று இதை அவங்களிடம் சொன்னேன்.

நீச்சல் எதற்கு என்று கேட்டாய். சும்மாதான்.

கனம் கூடிய,
அப்பா

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். அவரும் சுகம், உங்கள் இரண்டு கிலோவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அம்மா கண்ணை மூடிக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியாதப்பா. ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தால் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முழுக்கப் பார்த்தாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் போய் மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவளைப் பற்றிப் புதிதாக ஒன்று கிடைத்தது எனக்கு.

அப்புறம் அப்பா, "அவங்களிடம் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எவங்க?

உங்கள்,
குருவி

மார்ச் 3

அன்புள்ள குருவிக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே இரண்டாவது பம்ப் மட்டும் நலமில்லை. வால்வில் கசிவு. மெக்கானிக் வந்து பார்த்து, "இது தேஞ்சு போச்சு சார்" என்றார். என்னைப் பார்த்தா, பம்பைப் பார்த்தா என்று தெரியவில்லை.

எவங்க என்று கேட்டாய். கவுண்டர் மேடம்தான். அவங்களும் திங்கட்கிழமை வகுப்பில் இருக்கிறார்கள். முதல் நாளே மிதந்துவிட்டார்கள். தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து அனுப்புவதிலேயே வயசு போய்விட்டது, தனக்கென்று கற்றுக்கொள்வது இதுதான் முதல் தடவை என்றார்கள். வீட்டிலிருந்து இரண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டு வருகிறார்கள். ஒரு ஆளுக்குச் சமைத்தால் உப்பு நிதானம் பிடிபடவில்லையாம்.

மத்தியானம் டைவிங் குளத்துக்கு வந்தார்கள். "அது எதுக்கு, தண்ணிக்கே தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டார்கள். தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி நின்றால் மேலே நிற்கிற பிள்ளைக்கு அது எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது, அதனால்தான் ஹோஸில் பீய்ச்சி அலை காட்டுகிறோம் என்று விளக்கினேன். "இத்தனை நாள் டிக்கெட் கிழிக்கிறேன், இது தெரியாமப் போச்சே" என்று மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். நிழல் அங்கேதானே.

அந்த நேரம் ஒரு பெண்பிள்ளை மேலே ஏறியது. குதித்தது. தலை தெரிந்தது. என் கை தன்னால் ஹோஸைத் தூக்கி கேலரிப் பக்கம் வீசிவிட்டது. அவங்க முகமெல்லாம் தண்ணீர். நல்லவேளை, கோபிக்கவில்லை, சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பழக்க தோஷம் பார்த்தாயா! உன் அப்பா எப்போதும் இப்படித்தான், கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம்.

உன் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா எப்போது?

வால்வு தேய்ந்த,
அப்பா

ஏப்ரல் 10

அன்புள்ள குருவிக்கு,

அங்கே அனைவரும் சுகம்தானே? பதிலைக் காணோம். தபால்காரர் என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் சைக்கிளிலிருந்து இறங்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். விளையாட்டு விழா வேலையில் இருப்பாய் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இங்கே வாலிபால் அரங்கத்தில் பழைய ஸ்கோர் பலகையைக் கழற்றினார்கள். ஆணியில் எண் தட்டு மாட்டுவோமே, அதுதான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு இறுதி ஆட்டத்தில் ஆறைத் தலைகீழாக மாட்டி ஒன்பதாக்கி, இரண்டு அணியும் சண்டைக்குப் போனது நினைவிருக்கிறதா? அம்மா உன்னைப் பையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த ஆறை நான் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பதாகவும் உதவும்.

போன கடிதத்தில் நான் ஏதாவது உளறியிருந்தால் உளறலாகவே எடுத்துக்கொள்.

அப்பா

மே 15

அன்புள்ள மகளுக்கு,

நலம். வெயில் அதிகம். குளத்தில் கூட்டம் அதிகம்.

முழங்காலில் கொஞ்சம் வலி. நீச்சல் வகுப்பை நிறுத்திவிட்டேன். மற்றபடி ஒன்றுமில்லை. சாப்பாடு நானே பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல்.

அப்பா

ஜூன் 2

அப்பாவுக்கு,

சுகம். முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் எழுதாதது வேலையால் இல்லை. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், பல தடவை. நீங்கள் யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. சந்தோஷம்தான் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தத் தண்ணீரைப் பற்றி முதலில் எனக்கு எழுதினீர்கள். எனக்கென்று கிடைத்தது என்று நினைத்தேன். ஒரு மாசத்துக்குள் அது இன்னொருவர் முகத்தில் விழுந்தது, அதற்கு நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள் என்று அடுத்த கடிதம் வந்தது. அது அம்மாவுக்கான தண்ணீர் அப்பா. அதை எப்படிச் சிரிப்பாக எழுத முடிந்தது உங்களால்?

எங்கள் பள்ளிப் பிள்ளைகளை மாநிலத் தடகளத்துக்குப் பதிவு செய்ய நான்தான் வர வேண்டும். பதிவு நம் வளாகத்தில்தான். ஜூன் 21 காலை ரயிலில் வந்து சாயங்காலம் திரும்புகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வாசலில் நின்றால் போதும்.

குருவி

ஜூன் 8

அன்புள்ள குருவிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ வருவது சந்தோஷம். வெயிலுக்குத் தொப்பி எடுத்துக்கொள்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன் அப்பாவுக்கு எதை எழுதினாலும் கடைசியில் சிரிப்பாகத்தான் வருகிறது. கையெழுத்தே அப்படி ஆகிவிட்டது.

நீ வருகிற அன்றைக்கு நாம் இரண்டு பேர் மட்டும்தான். வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஏற்பாடு செய்திருக்கிறேன்.

வாசலில் நிற்பேன்.

அப்பா

ஜூன் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். எல்லோரும் சுகம். அன்றைக்கு நேரில் பேச முடியாததை எழுதுகிறேன். ஏனென்றால் முதல் ஒரு மணி நேரம் நீங்கள் அங்கே இல்லை.

வாசலில் உங்களைக் காணோம். பதிவை முடித்தேன், அப்போதும் காணோம். சரி, குளத்துக்கே போவோம் என்று டிக்கெட் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், "டைவிங் குளத்துக்கு ஒண்ணு" என்றேன்.

"அங்க வேடிக்கை பார்க்க டிக்கெட் கிடையாதும்மா. குதிக்கப் போறீங்களா?"

"இல்ல, ஒருத்தரைப் பார்க்கணும்."

"யாரை?"

"ஹோஸ்பைப் பிடிக்கிறவரை."

கண்ணாடிக்குப் பின்னால் அவர் கை அப்படியே நின்றது. என் நெற்றியைப் பார்த்தார், உங்கள் நெற்றிதானே எனக்கு. அப்புறம் 'மூடப்பட்டுள்ளது' பலகையை எடுத்து ஜன்னலில் வைத்தார்.

"ஏம்மா, இப்பத்தானே திறந்தீங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆடினா ஷட்டில் இறகு உதிர்ந்துடாது சார். நில்லுங்க."

வெளியே வந்து என் பையை வாங்கிக்கொண்டு நடந்தார். ஸ்கேட்டிங் வளையத்தைத் தாண்டினோம். அப்புறம் நான்தான் ஆரம்பித்தேன்.

"இன்னிக்கு நீங்க இருக்க மாட்டீங்கன்னு அப்பா எழுதியிருந்தார்."

"லீவு போடச் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"ஒளிஞ்சுக்க நான் என்ன திருடியா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "அன்னிக்குத் தண்ணி விழுந்தப்ப ரெண்டு பேரும் சிரிச்சீங்களாமே" என்றேன். வேண்டுமென்றே கேட்டேன் அப்பா.

அவர் நின்றுவிட்டார். "சிரிச்சோம்னா எழுதினாரு? அந்த மனுஷன் ஹோஸை அப்படியே கீழ போட்டுட்டு பம்ப் ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டாரும்மா. ஹோஸ் பாம்பு மாதிரி சுத்திச் சுத்தி அடிக்குது, பிள்ளைங்க அலறுது, நான்தான் ஓடிப்போய்க் குழாயை மூடினேன். கதவைத் தட்டினேன், திறக்கல. உள்ள பம்ப் சத்தம். அதுக்கும் மேல அவர் அழுவுற சத்தம். அதுக்கப்புறம் அந்த மூணாவது வரிசைப் பக்கமே நான் போறதில்ல. எதிர்ப்பக்கம் உட்கார்றேன். வெயில்தான். பரவாயில்ல."

குளத்தங்கரையில் மூன்றாவது வரிசை காலியாக, நிழலாக இருந்தது. அவர் எதிர்ப்பக்கம் போய் வெயிலில் உட்கார்ந்தார். நான் கொஞ்ச நேரம் நடுவில் நின்றேன். அப்புறம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தொப்பியைப் போட்டுக்கோ" என்றார். அப்போதுதான் நீங்கள் வேர்த்து விறுவிறுத்து வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போகலாமா என்று யோசித்தீர்கள். நான் பார்த்தேன்.

இவ்வளவு நாள் நீங்கள் கேட்கவே இல்லை. அதனால் நானே சொல்கிறேன். எனக்குச் சம்மதம். அவங்களை நம் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். முழங்கால் வலி பொய்யாம், அதையும் சொல்லிவிட்டார். வகுப்புக்குப் போங்கள்.

ஒரே ஒரு குறை. ரயில் கிளம்பும்போது, "நான் வேணாம்னு சொன்னா விட்டுடுவீங்களாப்பா?" என்று கேட்டேன். "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்றீர்கள்.

எடுத்துக்கொண்டேன்.

உங்கள்,
குருவி

ஜூலை 9

அன்புள்ள குருவிக்கு,

நாங்கள் இருவரும் நலம். 'நாங்கள் இருவரும்' என்று எழுதிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து மேலே எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் எங்கே போனேன் என்று நீ கேட்கவில்லை, மரியாதை தெரிந்த பிள்ளை. ஓடுதடத்துக்குப் பின்னால், அடைத்த சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வாசல் என்றாய், எனக்கும் உனக்கும் வாசல் என்றால் அந்தச் சின்ன கேட்தானே என்று போய்விட்டேன். அதை அடைத்துவிட்டார்கள் என்று உனக்கு எழுதியது நானேதான். ரொம்ப நேரமாக ஒரு ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று செக்யூரிட்டி வந்து, "சார், உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். சுவருக்குள்ளேயா என்று கேட்டேன். சண்டை வரப் பார்த்தது.

அவங்க அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாசம் பதிவாளர் ஆபீசில் கையெழுத்து. நீயும் மாப்பிள்ளையும் சாட்சி. சட்டை புதிதாக எடுக்கச் சொல்கிறார்கள். பழையதே இருக்கிறதே என்றேன். "அதுல குளோரின் வாசனை போகாது குளத்தாரே" என்றார்கள்.

அம்மாவின் படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவங்க வந்து பார்த்துவிட்டு, கண்ணாடியை மட்டும் துடைத்தார்கள். நான் இத்தனை நாள் துடைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை மிதந்தேன். மல்லாக்க. கொஞ்ச நேரம்தான். மேலே உன் பத்து மீட்டர் மேடையின் அடிப்பக்கம் தூரத்தில் தெரிந்தது. அவ்வளவு உயரத்திலிருந்தா என் பிள்ளையைக் குதிக்க விட்டேன் என்று நினைத்ததும் மறுபடி மூழ்கிவிட்டேன். இந்தத் தடவை நானே எழுந்து நின்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தோளுக்கு ஒத்தடம் கொடு.

கொஞ்சம் மிதக்கிற,
அப்பா

பி.கு. ரயிலடியில் நீ கேட்டதற்குப் பதில் வாய் வரைக்கும் வந்தது. ஜன்னலில் உன் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டில் என்று மாறிவிட்டது. உனக்காக நான் எதையும் விட்டுவிடுவேன் என்றுதான் இத்தனை வருஷமாக நானும் நினைத்திருந்தேன், குருவி. இதை விட்டிருக்க மாட்டேன்.